ஒரு காய்ச்சலுக்கு மூன்று கை

அத்தியாயம் 17

உல்ஃபா போயே விட்டாள்.

"அவளாவது போறதாவது, வாசப்படி தாண்ட மாட்டா" என்று நாத்தனார் நஜாத் ஒரு வாரமாக வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நஜாத் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விடிகாலை ஐந்து மணிக்குத் தோள்பையும் தண்ணீர் பாட்டிலுமாக உல்ஃபா வாடகை வேனில் ஏறி, ஸ்ஃபாக்ஸிலிருந்து தலைநகர் தூனிஸுக்குப் போய்விட்டாள். ஆசிரியர் வேலைக்கான தேர்வு. அவள் வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் விண்ணப்பமே வாங்க மாட்டார்கள்.

வீட்டிலோ இருபது மாதக் குழந்தை யுஸ்ருக்கு முந்தின நாள் மாலையிலிருந்து காய்ச்சல். "பெத்தவளுக்குப் புள்ள பெருசா, பேப்பர் பெருசா?" என்று நஜாத் கேட்டதும், "இனிமே என்னைக் கேக்காம என் பொண்ணு மேல கை வைக்காதீங்க அக்கா" என்று உல்ஃபா பதிலுக்குப் போட்டதும் போன அத்தியாயத்தின் கடைசி வரிகள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

நடுவில் மாட்டியவன் மோன்ஜி. ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்குத் தம்பி. ஒன்பது வருடமாக இதே தூனிஸ் சாலையில் வேன் ஓட்டுகிறான். எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். பெண்ணின் காலுறை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பான். இன்று தன் முறையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வீட்டில் குழந்தையோடு தனியாக இருந்தான்.

உல்ஃபா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். 'காய்ச்சல் முப்பத்தெட்டரை டிகிரிக்கு மேல் போனால் மட்டும் மருந்து. சிவப்பு மூடி பாட்டில். அதோடு வந்த குழாயில் பதினொன்றாம் கோடு வரை. ஒரு தடவை கொடுத்தால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. ஜாஸ்தி யோசிக்காதீர்கள்.'

கடைசி வரி மோன்ஜிக்கென்றே எழுதியது.

சிவப்பு மூடி பாட்டில், உல்ஃபாவின் அண்ணன் கிரெனோபிலிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தது. பிரான்ஸில் உறவுக்காரர் இருக்கிற எந்த வீட்டிலும் வருஷம் ஒரு தரம் இப்படி மருந்துப்பெட்டி நிரம்பும். அந்தப் பாட்டிலோடு ஊசியில்லாத ஊசிக்குழாய் மாதிரி ஒன்று வரும். அதில் கோடுகள், கோடுகளுக்குப் பக்கத்தில் எண்கள்.

எட்டரை மணிக்கு யுஸ்ர் அழுதுகொண்டே எழுந்தாள். உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் முப்பத்தொன்பது டிகிரி. மோன்ஜி தாளை மூன்று முறை படித்தான். பதினொன்றாம் கோடு வரை உறிஞ்சி, கன்னத்தின் உள்பக்கமாகச் சிறிது சிறிதாகப் பீய்ச்சினான். குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது. குழாயைக் கழுவி, கண்ணாடி டம்ளரில் நிறுத்தி வைத்தான். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேன் நிலையத்திலிருந்து போன். வண்டிச் சாவி அவன் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. எட்டுப் பயணிகள் கத்திக்கொண்டிருக்கிறார்களாம். மோன்ஜி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தான்.

"அக்கா, அரை மணி நேரம் புள்ளையப் பாத்துக்கிறியா?"

"உன் பொண்டாட்டி கை வைக்கக் கூடாதுன்னாளே. கண்ணால பாக்கலாமா, இல்ல அதுக்கும் அனுமதி வாங்கணுமா?" என்றபடியே நஜாத் ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தாள்.

அவன் திரும்பி வந்தபோது பதினொன்றாகப் போகிறது. நடுவில் ஒரு தேநீர், இரண்டு வம்பு. வேன் நிலையத்துக்குப் போனால் அது இல்லாமல் வர முடியாது. வீடு அமைதியாக இருந்தது. கூடத்துச் சோபாவில் யுஸ்ர் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வினிகரில் நனைத்த துணி. தொட்டுப் பார்த்தான். நெருப்பாக இருந்த உடம்பு சில்லென்று இருந்தது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

நல்லதுதானே. ஆனால் குழந்தை ரொம்பவும் அசையாமல் தூங்கியது. "யுஸ்ர், கண்ணு" என்று கூப்பிட்டான். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனான். டம்ளர் இருந்தது, குழாய் இல்லை.

மாடிக்கு ஏறினான். நஜாத் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் குழாய் கிடந்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. சிவப்பு மூடி மருந்து வெள்ளை. குழாய்க்குப் பக்கத்தில் விரல் உயரத்துக்கு ஒரு பழுப்புப் பாட்டில்.

"அக்கா, யுஸ்ருக்கு ஏதாவது குடுத்தியா?"

"நான் எதுக்குடா குடுக்கப்போறேன்? நெத்தியில துணி போட்டேன், ரெண்டு சொட்டு பூத்தண்ணி தடவினேன். அவ்வளவுதான். எனக்கு எதுக்கு வம்பு?"

"அப்ப இந்தக் குழாய் இங்க எப்படி வந்துச்சு?"

"கழுவலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

கீழே தொட்டி இல்லையா என்று மோன்ஜி கேட்கவில்லை. அக்காவின் கத்தி கத்திரிக்காயை விட்டுவிட்டுப் பலகையை நறுக்கிக்கொண்டிருந்தது. அது போதும். பழுப்புப் பாட்டிலை எடுத்து ஒரு பையில் போட்டான், குழாயைப் போட்டான், கீழே வந்து சிவப்பு மூடியையும் போட்டான். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முனை மருந்துக்கடைக்கு நடந்தான். பின்னாலேயே வீட்டுச் செருப்போடு நஜாத் ஓடிவந்தாள். "எதுக்குடா இப்படி ஊரைக் கூட்டற?" என்று திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் வந்தாள்.

மருந்துக்கடைக்கார அம்மாள் மதாம் பஷீரா ஜாஸ்தி பேசாதவள். குழந்தையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள். பிறகு பையிலிருந்ததை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள்.

"எடை என்ன?"

"பதினொன்னு" என்றான் மோன்ஜி.

"கிலோவா, கோடா?"

மோன்ஜிக்குத் தெரிந்தது கோடு. அது எடையா, மில்லியா, மாதமா என்று இதுவரை யோசித்ததே இல்லை.

மதாம் பஷீரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறினாள். பிறகு தான் மட்டும் ஏறினாள். "பத்து கிலோ நானூறு. பதினொன்னுன்னு யார் சொன்னா?"

"தடுப்பூசி போட்டப்ப பாத்தது."

"குளிர்கால உடுப்போட பாத்திருப்பாங்க. போகட்டும், அது சின்னத் தப்பு. பத்தாம் கோட்டுல நிறுத்தியிருக்கணும்." குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "எத்தனை மணிக்கு, எது, எவ்வளவு? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"எட்டரைக்குச் சிவப்பு மூடி. பதினொன்னு வரைக்கும். அவ்வளவுதான்."

"அப்ப இந்த மஞ்சள் மருந்து குழாய்க்குள்ள எப்படி வந்துச்சு?"

மோன்ஜி அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணாடி அலமாரியில் இருந்த பவுடர் டப்பாக்களைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மருந்துதான்" என்றாள் மதாம் பஷீரா. "பேரு வேற, பெட்டி வேற, உள்ள இருக்கிறது ஒரே பாரசிட்டமால். ஆனா இந்தக் குழாய் சிவப்பு மூடிக்குன்னே செஞ்சது. பத்து கிலோ குழந்தைக்கு எவ்வளவு போகணுமோ அந்த இடத்துல பத்துன்னு கோடு போட்டிருக்கான். வேற எந்தப் பாட்டிலுக்கும் இந்தக் கோடு செல்லாது. இந்தப் பழுப்புப் பாட்டில் சொட்டு மருந்து. அதைவிட நாலு மடங்கு கெட்டி. இந்தக் குழாயால இதை எடுத்தா, நாலு வேளை மருந்து ஒரே வாயில போகும்."

கடையில் இருமல் மாத்திரை வாங்க வந்த கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப... பதினொன்னுல நிறுத்தினது தப்பா?" என்று நஜாத் கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

மோன்ஜி அக்கா பக்கம் திரும்பினான். "அக்கா. குடுக்கலைன்னு சொன்னியே."

"கொதிச்சுதுடா. கை வைக்க முடியல. அந்தப் பிரான்ஸு சக்கரைத் தண்ணி கேட்டாதானே? இது என் பையனுக்கு வாங்கினது, நம்ம ஊரு மருந்து, உடனே கேக்கும். அதோட ரப்பர் சொட்டான் இத்துப் போச்சு. அதனால கீழ இருந்த குழாயை எடுத்தேன். தாளை நானும்தான் படிச்சேன். பதினொன்னுன்னுதானே எழுதியிருந்தா? அளவு மீறலையே நான். பிஸ்மில்லா சொல்லித்தான் குடுத்தேன்."

"பிஸ்மில்லா சொன்னது சரிதான். எத்தனை மணிக்கு?" என்றாள் மதாம் பஷீரா.

"பத்து."

நீங்களே சொல்லுங்கள், இதில் யாரைத் திட்டுவது? எழுதி வைத்தவளையா, படித்துக் கொடுத்தவளையா, ஊர்வம்பு பேசப் போனவனையா? மோன்ஜிக்கு மூன்று பேரையும் ஒரேயடியாகத் திட்டவேண்டும் போல இருந்தது.

நஜாத் திடீரென்று குழந்தையின் வாயருகே விரலைக் கொண்டுபோனாள். "வாந்தி எடுக்க வெச்சிடலாம்."

"கையை எடுங்க" என்றாள் மதாம் பஷீரா. "வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, பால் குடுக்கக் கூடாது, வேற எந்த மருந்தும் கூடாது." தூனிஸில் இருக்கும் விஷமுறிவு மையத்துக்குப் போன் போட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள். எடை, நேரம், மருந்து. பிறகு ஒரு மருந்துப்பெட்டியின் பின்பக்கத்தில் மூன்றையும் எழுதி மோன்ஜியின் கையில் கொடுத்தாள். "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இதைக் காட்டுங்க. பாட்டில்களையும் கொண்டுபோங்க."

"நல்லாத்தானே தூங்கறா?"

"முதல் நாள் நல்லாத்தான் இருக்கும். இந்த மருந்து ஈரலைத்தான் பிடிக்கும். அது ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளிய தெரியும். தெரியற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. போங்க."

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். பெட்டியட்டையைப் படித்தார், குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இரண்டு மணிக்கு ரத்தம் எடுக்கலாம் என்றார்.

"இப்பவே எடுங்களேன் டாக்டர்" என்று மோன்ஜி கெஞ்சினான்.

"இப்ப எடுத்தா வர்ற நம்பரை நம்ப முடியாது. குடிச்சு நாலு மணி நேரம் ஆகணும். அளவு ஜாஸ்தின்னா முறிவு மருந்து இருக்கு, ஏத்திடலாம். பயப்படாதீங்க. ஆனா எனக்குக் கணக்கு சரியா வேணும். எட்டரைக்கு முன்னாடி ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல" என்றவன் நிறுத்திக்கொண்டான். காலையில் குளியலறையில் முகம் கழுவும்போது சோப்புக்குப் பக்கத்தில் கிழிந்த வெள்ளித்தாள் ஒன்று கிடந்தது. காய்ச்சலுக்குப் பின்புறம் வைக்கிற மெழுகு மாத்திரையின் உறை. எடுத்துக் குப்பையில் போட்டவன் அவன்தான். அது இன்று காலையதா, நேற்று இரவினதா?

"என் பொண்டாட்டிக்குத்தான் தெரியும்."

"கேளுங்க."

கேட்கலாம்தான். அவள் போன் பரீட்சைக்கூடத்து வாசலில் பையோடு பூட்டிக் கிடக்கிறது. காலை ஒரு தாள், இரண்டு மணிக்கு மறுதாள். இடைவேளையில் அவளே கூப்பிடுவாள். கூப்பிட்டால் என்ன சொல்வது? சொன்னால் பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவருவாள். சொல்லாமல் எப்படிக் கேட்பது? மோன்ஜி பெஞ்சில் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே நாலைந்து விதமாகப் பேசிப் பார்த்தான். ஒன்றும் தேறவில்லை.

யுஸ்ர் விழித்துக்கொண்டு அத்தையின் மடிக்குத் தாவியிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் நஜாத் ஒரு மணி நேரம் தொடர்ந்து வாயைத் திறக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"மோன்ஜி, நல்லா எழுதியிருக்கேங்க" என்றாள் உல்ஃபா. பல மாதங்களாக அவன் கேட்காத குரல், சிரிப்பும் மூச்சுமாக. "நான் படிச்சதே வந்துச்சு. யுஸ்ர் எப்படி இருக்கா? காய்ச்சல் குறைஞ்சுதா?"

"குறைஞ்சுது. ரொம்பவே குறைஞ்சுது. அது வந்து உல்ஃபா, காலைல நீ... அந்த மெழுகு மாத்திரை... சும்மா கேக்கறேன், எத்தனை பாக்கி இருக்குன்னு பாத்தேன்..."

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"உங்களுக்கு அது எந்த டப்பாவுல இருக்குன்னே தெரியாது. எங்க இருக்கீங்க? பின்னாடி யாரோ பேரு கூப்பிடறாங்க."

மோன்ஜிக்குப் பொய் வராது. வந்தாலும் நிற்காது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். குழாய், பழுப்புப் பாட்டில், நாலு மடங்கு, ரெண்டு மணி. முன்னுக்குப் பின் முரணாக, பாதி அவளுக்குப் புரிந்ததா என்றுகூடத் தெரியாமல்.



"நாலரைக்கு வெச்சேன்" என்றாள் உல்ஃபா. "கிளம்பறதுக்கு முன்னாடி. ஒண்ணு. நூத்தம்பது மில்லிகிராம். தாள்ல எழுத மறந்துட்டேன். எல்லாம் எழுதினேனே, அதை மட்டும் எழுதலையே. அக்கா இருக்காங்களா? அவங்ககிட்ட குடுங்க."

மோன்ஜி போனை நீட்டினான். நஜாத் அதைத் தேளை வாங்குவது போல வாங்கினாள். பக்கத்தில் டாக்டர் பேனாவோடு நின்றிருந்தார். போனின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

உல்ஃபா திட்டுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், கதை சொல்லும் நானும்தான்.

"அக்கா, அவளுக்குக் கசப்பா இருந்தா வாயில நிக்காது. முழுசா முழுங்கினாளா, துப்பினாளா?"

நஜாத் கழுத்துத் துணியின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அக்கா, சொல்லுங்க."

"துப்பிட்டா" என்றாள் நஜாத். "பாதி என் சட்டை மேலயே துப்பிட்டா. எல்லாம் போயிடுச்சுன்னு நினைச்சேன். அதனால... அதனால இன்னொரு குழாய் எடுத்துக் குடுத்தேன். அதை முழுசா குடிச்சா."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "பெரிய டாக்டரைக் கூப்பிடறேன். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே முறிவு மருந்தை ஆரம்பிக்கலாமான்னு கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக உள்ளே போனார்.

போனில் தூரத்தில் மணி அடிப்பது கேட்டது. இரண்டாம் தாளுக்கு உள்ளே வரச் சொல்லும் மணி.

"நீ உள்ள போம்மா" என்றாள் நஜாத். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இப்பக் கிளம்பினாலும் மூணு மணி நேரம் ஆகும். உன் கடைசிப் பரீட்சை. என்னால அதுவும் கெட்டுப் போச்சுன்னு வேண்டாம். நான்தான் இங்க இருக்கேனே."

"நீங்க இருக்கீங்கன்னுதான் பயமா இருக்கு அக்கா" என்றாள் உல்ஃபா.

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் நஜாத்தை வெட்டியது. போன் துண்டிக்கப்பட்டிருந்தது. மோன்ஜி அதை வாங்கித் திரும்பக் கூப்பிட்டான். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி கூப்பிட்டான். அதேதான்.

பரீட்சைக்கு உள்ளே போகிறவர்கள் போனை அணைக்க வேண்டும். பேச்சே வேண்டாம் என்று வேன் பிடிக்க ஓடுகிறவளும் அணைத்துவிடலாம். எது என்று அவனுக்கு விளங்கவில்லை. எது நல்லது என்றும் விளங்கவில்லை.

"யுஸ்ர்" என்று கதவைத் திறந்து கூப்பிட்டாள் நர்ஸ். "ரத்தம் எடுக்கணும். யாராவது ஒருத்தர் மட்டும் கூட வாங்க."

குழந்தை அத்தையின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் மருந்தைத் துப்பிய அதே சட்டை, மஞ்சள் கறை அப்படியே இருந்தது. நஜாத் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழந்தையைத் தம்பியிடம் கொடுத்தாள். யுஸ்ர் வீறிட்டு அழுதபடி அவளை நோக்கியே கையை நீட்டினாள். நஜாத் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"இப்படி அழுதா ஊசி போட முடியாதே" என்றாள் நர்ஸ். கையில் சீட்டும் பேனாவும். "அம்மா எங்க? பரீட்சைன்னு டாக்டர் சொன்னாரே, அங்கதான் இருக்காங்களா, வந்துட்டு இருக்காங்களா?"

மோன்ஜி மறுபடி போனைப் பார்த்தான்.

"தெரியலைங்க" என்றான்.